சரக்கு வண்டியில் என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பேத்தியை அழைத்துக்கொண்டு கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலத்திற்குப் பேருந்தில் சென்றேன். அவள் ஆறாம் வகுப்பில் படிப்பவள். விருத்தாசலத்தில் ஒரு பள்ளி மண்டபத்தில் மாதிரி ரயில் காட்சி நடைபெறுகிறது என்று கேள்விப்பட்ட நாள் முதல் அவள் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. காட்சியை அமைத்தவரும் எனக்கு அயலார் அல்லர். என்னிடம் படித்தவர், இப்போது ரயில்வேயில் பணியாற்றுகிறவர். பள்ளி நாட்களில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எஞ்சின் படம் வரைந்ததற்காக என்னிடம் பலமுறை கண்டிக்கப்பட்டவர். அந்தக் கண்டிப்பினால் ஒரு பயனும் விளையவில்லை என்பதை மண்டபத்தினுள் நுழைந்ததும் கண்டுகொண்டேன்.

மண்டபத்தின் நடுவே நீண்ட மேசை. அதன் மேல் பழைய விருத்தாசலம் சந்திப்பு இருந்தது. மீட்டர் பாதை இருந்த காலத்துச் சந்திப்பு. நடைமேடை, கைகாட்டி மரம், தண்ணீர்த் தொட்டி, கூட்ஸ் கொட்டகை, அப்பால் மணிமுத்தாறு என்று நீலச் சாயம் பூசிய ஒரு பள்ளம். தண்டவாளங்கள் இரண்டிற்கும் இடைவெளி 12 மில்லிமீட்டர். அதன் மேல் ‘ஒய்.பி.’ வகை நீராவி எஞ்சின் ஒன்று, ஐந்தாறு பெட்டிகளை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. நீராவி இல்லை, தண்டவாளத்தின் வழியாகவே 12 வோல்ட் மின்சாரம் சென்று, எஞ்சினுக்குள் இருக்கும் சிறு மோட்டாரைச் சுழற்றுகிறது. கையிலுள்ள திருகைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். அந்த எஞ்சினைக் கடையில் வாங்கவில்லை. பித்தளைத் தகட்டை வெட்டி, பற்றவைத்து, மூன்று ஆண்டுகளில் தாமே செய்ததாக என் மாணவர் சொன்னார்.

இந்தக் கலைக்கு வயது நூற்றுக்கு மேல் ஆகிறது. ஜெர்மனியில் மார்க்லின் நிறுவனத்தார் 1891-இல் லைப்சிக் நகரத்துச் சந்தையில், ஒன்றோடொன்று பொருந்தும் அளவுகளில் அமைந்த பொம்மை ரயில்களையும் பாதைகளையும் காட்சிக்கு வைத்தனர். இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் தம் பெயரால் ரயில்களை வெளியிட்டார். நம் நாட்டில் புனே நகரத்து ஜோஷி என்பவர் வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்த்த சிற்றுருவ ரயில் உலகம் 1998-இல் பொதுமக்கள் காட்சிக்குத் திறக்கப்பட்டது. ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட காட்சியோ உலகில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இவற்றின் தொடக்கம் ஒரு சந்தையில் நிகழ்ந்தது என்பதை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மாணவர் கையாண்ட அளவு 87-இல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதன் அந்த மேசையின் மேல் இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான உயரத்தில் நிற்பான். எல்லாம் அந்தக் கணக்கில் சரியாக இருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் சரியாக இல்லை. உங்களில் கணக்கில் விருப்பம் உள்ளவர்கள் போட்டுப் பாருங்கள். உண்மைப் பாதையில் ஒரு கிலோமீட்டர் என்பது மேசையின் மேல் பதினொன்றரை மீட்டர் ஆகும். விருத்தாசலத்திலிருந்து சென்னைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அதை அந்த அளவில் அமைக்க வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள மேசை வேண்டும்! ஆகவே மாதிரி ரயில் அமைப்போர் அனைவரும் ஓரிடத்தில் நம்மை ஏமாற்றியே ஆகவேண்டும். எஞ்சினைச் சுருக்கலாம், பாலத்தைச் சுருக்கலாம், மனிதனையும் சுருக்கலாம்; தூரத்தை மட்டும் அந்த அளவிற்குச் சுருக்க முடியாது. அதனை வெட்டி எறிந்துவிட்டு வளைவாக்கிவிடுகிறார்கள். புறப்பட்ட இடத்திற்கே வண்டி திரும்பி வருகிறது.

என் பேத்தி வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பயணி வண்டி நிலையத்தில் நின்றது. சரக்கு வண்டி ஒன்று புறப்பட்டது. அப்போது கேட்டாள்: “தாத்தா, இந்தக் கூட்ஸ் வண்டியில் என்ன இருக்கிறது?”

என் மாணவர் சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியின் மேல்மூடியை விரல் நுனியால் எடுத்துக் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. “ஐயா, இத்தனை பேர் பார்த்தார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை” என்றார்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன் அதை என் தந்தையார் என்னிடம் கேட்டார். அதைச் சொல்வதற்கு முன், நம் நாட்டில் ரயில் எதற்காக வந்தது என்பதைச் சிறிது நினைவுபடுத்திக்கொள்வோம்.

1853 ஏப்ரல் 16-இல் பம்பாயிலிருந்து தாணாவிற்கு முதற் பயணி வண்டி ஓடியதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். தென்னாட்டில் 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. அதன்பின், நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு இட்ட பாதை 1862-இல் முடிவுற்றது. இந்தப் பாதைகளின் ஒரு முனையைப் பாருங்கள். பம்பாய், ராயபுரம், நாகப்பட்டினம்: மூன்றும் கடற்கரை. உள்நாட்டில் விளைந்ததைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்வதும், துறைமுகத்தில் இறங்கியதை உள்நாட்டிற்குள் கொண்டுபோய் விற்பதும் அப்பாதைகளின் தலையாய நோக்கங்கள். படையை விரைந்து அனுப்புவது மற்றொன்று. நம் மக்கள் மூன்றாம் வகுப்பில் இத்தனை கூட்டமாக ஏறுவார்கள் என்று கம்பெனியார் தொடக்கத்தில் எதிர்பார்க்கவே இல்லை.

நாகப்பட்டினத்துப் பாதைக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அது ஒரு வேடிக்கை. முதலில் அதனை அகலப் பாதையாகவே இட்டார்கள். 1870-க்குப் பின் அரசாங்கத்தார்க்குச் சிக்கனத்தில் நாட்டம் உண்டாகி, மீட்டர் பாதை போதும் என்று முடிவு செய்தார்கள். இட்ட பாதையைப் பெயர்த்துக் குறுக்கினார்கள். நூறாண்டு கழிந்தபின் அவர்களுக்குப் பின்வந்தவர்கள் அதே பாதையைப் பெயர்த்து மறுபடியும் அகலமாக்கினார்கள். சிக்கனத்தின் செலவைக் கணக்கிட்டவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை!

எங்கள் தென்னார்க்காட்டிற்கு இந்தக் கதையில் தனியிடம் உண்டு. அது எஞ்சினால் வந்ததன்று, ஒரு கொட்டையால் வந்தது. நிலக்கடலையை எங்கள் பகுதியில் மணிலாக்கொட்டை என்போம். பேச்சு வழக்கில் மல்லாட்டை. பெயரில் மணிலா இருந்தாலும் அதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டின் மார்செய்ல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் இந்தக் கொட்டை பெருமளவில் தேவைப்பட்டது. பிரெஞ்சுக்காரர் கையில் புதுச்சேரித் துறை இருந்தது. 1879-இல் விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் பாதை திறக்கப்பட்டது. அவ்வளவுதான், வரகும் கம்பும் கேழ்வரகும் விளைந்த செம்மண் மேடுகளில் மணிலா படர்ந்தது. எங்கோ கடலுக்கு அப்பால் ஒருவர் முகம் கழுவும் சோப்பிற்காக, எங்கள் மூதாதையர் தாம் உண்ணும் தானியத்தைக் குறைத்துக்கொண்டு பணப்பயிர் இட்டனர். அதனால் கையில் காசு புழங்கியது, மறுப்பதற்கில்லை. ஓட்டு வீடுகள் சில எழுந்தன. சில பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் விலை இனி ஊரில் இல்லை. அது ரயில் ஏறிப் போய்விட்டது.

அதற்குச் சற்று முன்னர்த்தான் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம், தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தது, சென்னை மாகாணத்தில் பல லட்சம் மக்களை மாய்த்தது. அப்போதும் ரயில் இருந்தது என்பதை மறவாதீர்கள். கடல்வழியாக வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மலைமலையாகக் குவிந்து கிடக்க, அதனை உள்நாட்டிற்கு இழுத்துச் செல்ல வண்டிகள் போதவில்லை. வேறொரு கொடுமையும் நேர்ந்தது. ஓரிடத்தில் விலை ஏறினால், ரயிலோடு இணைந்த எல்லா இடங்களிலும் விலை ஏறியது. தானியம் இருந்த ஊரிலும் கூலிக்காரன் கைக்கு அது எட்டவில்லை. 1880-இல் அறிக்கை அளித்த பஞ்சக் குழுவினர் இன்னும் பல பாதைகள் இடவேண்டும் என்று பரிந்துரைத்தனர். அவர்கள் சொன்னது தவறன்று. பின்னாளில் ரயிலால் உயிர் பிழைத்தவர்களும் உண்டு. ஆயினும் ரயில் தானாக எவர்க்கும் சோறிடாது. வாங்குவதற்குக் கையில் காசு உள்ளவனிடத்திற்கே அது தானியத்தைக் கொண்டுசெல்லும்.

விருத்தாசலத்திற்கு ரயில் வெகுநாள் கழித்தே வந்தது. விழுப்புரத்தையும் திருச்சிராப்பள்ளியையும் நேராக இணைக்கும் குறுக்குப் பாதை 1920-களின் பிற்பகுதியில் இடப்பட்டது. கடலூருக்கு ஒரு கிளையும், பின்னர்ச் சேலத்திற்கு ஒரு கிளையும் பிரிய, இந்த ஊர் சந்திப்பு ஆயிற்று. குறுக்குப் பாதை பயண நேரத்தைக் குறைத்தது. அதே பாதையில், அரியலூருக்கு அருகே, மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் அரிக்கப்பட்டு, 1956 நவம்பர் 23 விடியற்காலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராய் இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். மண்டபத்து மேசையில் இருந்த சிறு பாலத்தைக் கண்டபோது எனக்கு அது நினைவிற்கு வந்தது. பேத்தியிடம் சொல்லவில்லை, பிறிதொரு நாள் சொல்வேன்.

இப்போது என் தந்தையார் கதைக்கு வருகிறேன்.

1967-ஆம் ஆண்டு. எனக்கு எட்டு வயது. எங்களுக்குக் கம்மாபுரத்தில் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. அவ்வாண்டு மணிலா நன்றாகக் காய்த்திருந்தது. மூட்டைகளை மாட்டு வண்டியில் ஏற்றி, விடியுமுன் புறப்பட்டு விருத்தாசலம் வந்தோம். விதைப்பதற்கே முன்பணம் வாங்கியிருந்ததால் அதே கமிஷன் மண்டிக்குத்தான் சரக்கைக் கொண்டு போகவேண்டும். விளைபொருள் சந்தைகளை ஒழுங்குபடுத்துவதற்குச் சென்னை மாகாணத்தில் 1933-இலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆனால் கடன்பட்டவனுக்குச் சட்டத்தைவிடக் கடனே அண்மையில் இருக்கிறது.

மண்டியில் தரகரும் வாங்குபவரும் எதிரெதிரே நின்றார்கள். ஒரு துண்டை விரித்து, அதன் அடியில் இருவரும் கைகளை நுழைத்தார்கள். விரல்களைப் பிடித்தும் விட்டும் விலை பேசினார்கள். வாயில் ஒரு சொல்லும் இல்லை. என் தந்தையார் ஐந்தடி தூரத்தில் நின்று அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாத உழைப்பின் விலை அந்தத் துண்டின் அடியில் இருந்தது. அவருக்கு மட்டும் அது தெரியக்கூடாது. முடிவில் தரகர் ஒரு தொகை சொன்னார். தந்தையார் தலையசைத்தார்.

பிறகு என்னை ரயில் பார்க்க அழைத்துச் சென்றார். கூட்ஸ் கொட்டகையில் மணிலா மூட்டைகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டியின் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் ஏதோ எழுதியிருந்தது. “நம்ம மல்லாட்டை எந்த ஊருக்குப் போகுது, படிச்சுச் சொல்லு” என்றார். அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். நான் மூன்றாம் வகுப்பு. ஊரில் படிப்பாளி என்று பெயர். ஆனால் அந்த எழுத்து ஆங்கிலம். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. “தெரியலைப்பா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி புறப்படும் வரை நின்று பார்த்தோம். பிறகு வெறும் மாட்டு வண்டியில் ஊர் திரும்பினோம்.

பின்னாளில் ஆங்கிலம் கற்றேன். முப்பதாண்டுகளுக்கு மேல் பிறர்க்கும் கற்பித்தேன். அந்த வண்டியின் மேல் எழுதியிருந்த ஊர்ப் பெயரை மட்டும் இனி எப்போதும் படிக்க முடியாது.

இதைப் பேத்தியிடம் சொல்லிக்கொண்டே மண்டபத்தை விட்டு வெளியே வந்தேன். கேட்டுவிட்டு அவள், “பெரிய தாத்தா ஏன் தாமே விலை சொல்லவில்லை?” என்றாள். விடை சொல்வதைவிடக் காட்டுவது எளிது என்று எண்ணி, சற்றுத் தொலைவில் இருந்த உழவர் சந்தைக்கு அழைத்துச் சென்றேன். மணி பத்தரை ஆகியிருந்தது. கூட்டம் குறையத் தொடங்கியிருந்தது.

வாயிலிலேயே பலகை. அதில் அன்றைய விலைகள். கத்தரி, வெண்டை, புடலை, முருங்கை, சின்ன வெங்காயம். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு தொகை. பேத்தி பலகையை உரக்கப் படித்தாள். அவளுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. நான் சற்று நேரம் அங்கேயே நின்றேன். துண்டின் அடியில் இருந்த விலை பலகையின் மேல் ஏறுவதற்கு எத்தனை காலம் ஆயிற்று!

உழவர் சந்தை தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில், அப்போது முதலமைச்சராய் இருந்த மு. கருணாநிதியால் தொடங்கிவைக்கப்பட்டது. பஞ்சாபில் 1987-இல் ‘அப்னி மண்டி’ என்ற பெயரிலும், ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’ என்ற பெயரிலும் இத்தகைய சந்தைகள் முன்னரே தோன்றியிருந்தன. இங்கே உழவர்க்கு அடையாள அட்டை உண்டு; கடைக்கு வாடகை இல்லை; தராசும் சந்தையாரே தருகின்றனர். மொத்த விலையை விடச் சற்றுக் கூடுதலாகவும், வெளிக்கடை விலையை விடச் சற்றுக் குறைவாகவும் ஒவ்வொரு நாளும் காலையில் விலை குறிக்கின்றனர். விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் இடையில் ஒரு தராசின் அகலமே இடைவெளி.

முளைக்கீரை விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மையாரிடம் இரண்டு கட்டு வாங்கினேன். “எத்தனை மணிக்குப் பறித்தீர்கள்?” என்று பேத்தி கேட்டாள். “ராத்திரி மூணு மணிக்கு டார்ச் வெச்சுக்கிட்டுப் பறிச்சேன், பாப்பா. பன்னெண்டு மணிக்கு மேல இத மாடுதான் தின்னும்” என்றார் அவர்.

அந்த ஒரு விடையில் பொருளாதார நூலின் ஓர் அதிகாரம் அடங்கியிருக்கிறது. எது தூரம் செல்லும், எது செல்லாது? மணிலா செல்லும், கெடாது, எடைக்குத் தக்க விலையும் உண்டு. கீரை செல்லாது. எங்கள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் கீரையின் இனமே என்றால் சிரிப்பீர்கள். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி வெறும் ஈரம். அதனை ரயிலில் ஏற்றி நெடுந்தொலைவு அனுப்பினால் தண்ணீருக்குக் கூலி கொடுத்ததாகும். ஆகையினால்தான், 1957 மே 20-இல் நேரு பெருமகனார் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1961-இல் கரி தென்பட்டு, மறு ஆண்டு மின்சாரம் பிறந்தபோது, அனல் மின் நிலையம் சுரங்கத்தின் வாயிலிலேயே இருந்தது. வெட்டிய கரி பட்டைகளின் மேல் ஓடி உலைக்குச் செல்கிறது. தூரம் செல்வது கம்பி வழியாகப் போகும் மின்சாரம். அந்த மின்சாரத்திற்காக எங்கள் வட்டாரத்தில் பல ஊர்கள் தம் நிலத்தையும் மனையையும் விட்டுப் பெயர்ந்தன. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே இன்று மின்சார எஞ்சின்கள் விரைந்து செல்லும்போது, அந்த ஊர்களையும் நான் எண்ணிக்கொள்வதுண்டு.

உழவர் சந்தையை நான் மிகையாகப் புகழ விரும்பவில்லை. நாற்பது மூட்டை மணிலா விளைவித்தவன் அதை இங்கே தராசில் நிறுத்து விற்க முடியாது. அவன் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கோ, வணிகரிடமோதான் போகவேண்டும். நகரத்திலிருந்து தொலைவில் உள்ள சிற்றூர்க்காரனுக்கு விடியற்காலைப் பேருந்து இல்லையென்றால் இந்தச் சந்தை இருந்தும் இல்லாததே. அட்டை ஒருவர் பெயரிலும் சரக்கு வேறொருவர் தோட்டத்திலும் இருப்பதாகக் குறை சொல்வோரும் உண்டு. எல்லா விளைவும் பக்கத்து ஊரிலேயே விற்றுவிடும் என்றால் ரயிலே வேண்டியிருந்திராது. உழவனுக்கு இரண்டும் வேண்டும்: தூரமும் வேண்டும், அண்மையும் வேண்டும். தூரத்திற்கு அனுப்பும்போது சரக்கு எங்கே போகிறது, அங்கே என்ன விலை என்பது அவனுக்குத் தெரியவும் வேண்டும். என் தந்தையார்க்கு இல்லாமற்போனது ரயில் அன்று. அந்தச் சுண்ணக்கட்டி எழுத்தைப் படிக்கும் வழிதான்.

சந்தையின் கோடியில் ஓர் உழவர் பச்சை மல்லாட்டை வைத்திருந்தார். வேரில் மண் உலரவில்லை. கால் கிலோ வாங்கினேன். பேத்தி ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். மற்றவற்றைப் பையில் இட்டுக்கொண்டு, “மறுபடியும் மண்டபத்திற்குப் போகலாம் தாத்தா” என்றாள்.

போனோம். அவள் நேரே மேசையண்டை சென்று, உடைத்த பயறுகளை உள்ளங்கையில் வைத்து என் மாணவரிடம் நீட்டினாள். அவர் புரிந்துகொண்டார். மேல்மூடி இல்லாத பெட்டி ஒன்றைச் சரக்கு வண்டியில் கோத்தார். ஐந்து பயறுகள் கொண்டன. “எந்த ஊருக்கு அம்மா?” என்று கேட்டார். அவள் நோட்டிலிருந்து ஒரு துண்டுத் தாளைக் கிழித்து, ஏதோ எழுதி, பெட்டியின் பக்கத்தில் ஒட்டினாள். குனிந்து பார்த்தேன். ‘கம்மாபுரம்’ என்று தமிழில் எழுதியிருந்தது.

திருகு திரும்பியது. வண்டி கைகாட்டியைக் கடந்தது, பாலத்தைக் கடந்தது. வளைவில் பெட்டி சற்றே குலுங்க, ஒரு பயறு தெறித்து, கூட்ஸ் கொட்டகையின் முன்னே விழுந்து உருண்டது. என் மாணவர் அதை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டு, “இது தரகு, ஐயா” என்றார்.